பில்லின் கடைசி வரிகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரவு ஏழரைக்கு மேல் நல்ல ஓட்டலில் மேசை கிடைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். சாரதா கல்லூரிச் சாலையிலிருந்தும் நாலு ரோடு பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அலுவலகம் விட்ட நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் சின்னத் தட்டில் சோம்பும் கல்கண்டும் வரும், கூடவே பில்லும். நெய் ரோஸ்ட் யார் சொன்னது, இரண்டாவது பரோட்டா யாருக்கு வந்தது என்று பில்லின் மேல் பாதி அலசப்படும். கீழ்ப் பாதியை யாரும் கவனிப்பதில்லை. மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், மாநில ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், ரவுண்ட் ஆஃப், மொத்தம். மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டுப் போனை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் கீழ்ப் பாதியைச் சேலத்துக்காரர்கள் கொஞ்சம் நின்று படிக்கலாம். விற்பனையின் மீது மாநில அரசு வரி போடும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால், அந்தத் தடம் அவர்களுடைய மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். சேலம் அவருக்குப் பழகிய மண். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். அப்படிப்பட்டவர் கைக்கு ஆட்சி வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மாகாணத்தில் முதலில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டது இங்கேதான். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் அன்றைக்கு ஒரே மாவட்டம் என்பதை நினைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய பரிசோதனை என்பது விளங்கும்.

குடியை நிறுத்தினால் குடும்பத்துக்கு லாபம், ஆனால் கஜானாவில் ஓட்டை விழும். மாகாண வருமானத்தில் சுமார் கால் பங்கு கலால் வரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சேலத்தை அடுத்துச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று மதுவிலக்கு விரிய விரிய அந்த ஓட்டையும் பெரிதானது. அதை அடைப்பதற்கு ராஜாஜி கண்ட வழிதான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பொருள் எதுவானாலும் விற்றால் வரி என்ற பொதுவான விற்பனை வரி இந்தியாவில் வந்தது அதுதான் முதல் முறை. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு, பெரிய வியாபாரிகளின் விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில், 1943இல், மதுவிலக்கும் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் பிறகு அது வருவதும் போவதுமாக இருந்தது. அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி மட்டும் ஒருநாளும் போகவில்லை.

1959இல் புதிய சட்டம், 2007 ஜனவரி 1இல் வாட், 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி என்று அதற்குப் பெயர்கள் மாறின. இடையில் ஒரு சுவையான கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சாப்பாட்டை விலைக்கு வாங்குகிறாரா, இல்லை உபசரிப்பைப் பெறுகிறாரா? மீந்த சாப்பாட்டை எடுத்துப்போக அவருக்கு உரிமை இல்லை. மேசை, நாற்காலி, விசிறி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. ஆகவே இது சேவை, விற்பனை அல்ல, விற்பனை வரி செல்லாது என்று 1978இல் நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் பதறின. 1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம் வந்து, ஓட்டல் சாப்பாட்டை மறுபடியும் வரிக்குள் இழுத்துக்கொண்டது. பிற்பாடு ஏசி ஓட்டல்களுக்குச் சேவை வரியும் சேர்ந்தது. ஜிஎஸ்டி வந்த புதிதில் ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம் என்றிருந்து, 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களுக்கு 5 சதவீதம் என்று நின்றது. பில்லில் இரண்டரையும் இரண்டரையுமாகத் தெரிவது இதுதான்.

வரியின் கதை இப்படி. பங்கு போடுவதன் கதைக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். ஒரு பில்லை நாலு பேர் பிரித்துக்கொள்வதென்றால் முதலில் அந்த நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது தானாக வந்துவிடவில்லை. பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய ஓட்டல்களும் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளும் இருந்தன. தாழ்த்தப்பட்டவர்களை உள்ளேயே விடாத கடைகளும், அவர்களுக்கென்று தனித் தம்ளர் வைத்த டீக்கடைகளும் இருந்தன. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடை, ஓட்டல், உணவு விடுதி என்று பெயர் சொல்லியே அந்தத் தடையை நீக்கியது. தேச விடுதலைக்குப் பிறகு எழுதப்பட்ட சாசனத்தில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வாசற்படியில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டிருப்பார்கள்! பிரிவு வந்த பிறகும் பழக்கம் உடனே போகவில்லை. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கியது 1957இல்தான். இன்று வெவ்வேறு சாதி, வெவ்வேறு ஊர் நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இருநூற்றி இருபது ரூபாய் ஐம்பது காசுக்குச் சண்டை போடுகிறார்கள் என்றால், அந்தச் சண்டைக்கான உரிமையே போராடிப் பெற்றது.

பணம் போட்டுப் பங்கு பிரிக்கும் வித்தை மட்டும் நமக்குப் பழசு. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் தீபாவளிக்கும் கோயில் பண்டிகைக்கும் ஏழெட்டு வீட்டார் கூட்டாக ஒரு ஆடு வாங்கி அறுத்துக் கறியைக் கூறு போடுவது உண்டு. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் எடைக் கணக்கு அல்ல. ஈரல் எல்லாக் கூறிலும் ஒரு துண்டாவது விழ வேண்டும். தொடைக்கறி, நெஞ்செலும்பு, குடல், கொழுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். ஒரு கூறு இளைத்துத் தெரிந்தால் கொழுத்த கூறிலிருந்து ஒரு எலும்பு இடம் மாறும். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் ஆளுக்கொரு கூறாக எடுப்பார்கள். பாதிப் பணம் போட்டவருக்கு அரைக் கூறு. நியாயமான பங்கீடு பற்றிப் பொருளாதார அறிஞர்கள் எழுதுவதன் சாரம் இதில் இருக்கிறது: எந்தக் கூறு தனக்கு வந்தாலும் சம்மதம் என்று ஒவ்வொருவரும் நினைக்கும்படி பிரிக்க வேண்டும்.

அந்தக் காலத்து நாணயமும் பங்கு போடுவதற்குத் தோதாக இருந்தது. ரூபாய்க்கு பதினாறு அணா, அணாவுக்கு பன்னிரண்டு பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று எப்படி வகுத்தாலும் மிச்சம் விழாது. மூன்று பேருக்கு ஒரு ரூபாய் என்றால் ஆளுக்கு ஐந்தணா நாலு பை, கணக்கு முடிந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியது. அன்றிலிருந்து மூன்று பேர் சாப்பிட்டால் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு. மாற்றத்தின் முதல் ஆண்டுகளில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அரசின் மாற்று அட்டவணைப்படி ஓரணாவுக்கு ஆறு நயா பைசா, மூன்றணாவுக்கு பத்தொன்பது. ஓரணாப் பண்டத்தை மூன்று பேர் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கினால் பதினெட்டு, ஒரே கணக்காகக் கொடுத்தால் பத்தொன்பது. சேர்ந்து சாப்பிட்டதற்கு ஒரு பைசா அபராதம்.

இருந்தாலும் நம் ஊரில் பில்லைப் பிரிப்பது வெகுகாலம் கௌரவக் குறைச்சலாகவே இருந்தது. கூட்டத்தில் மூத்தவர், அல்லது அன்றைக்குச் சம்பளம் வாங்கியவர், ‘விடப்பா, நான் குடுக்கறேன்’ என்று கல்லாவுக்கு முந்திக்கொள்வார். அடுத்த முறை வேறொருவர். எழுதாத கணக்கு ஒன்று பல ஆண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அழகு உண்டு, ஆபத்தும் உண்டு. எப்போதும் ஒரே ஆள் முந்திக்கொள்ள வேண்டியிருந்தால், அல்லது கையில் காசில்லாதவர் கூச்சப்பட்டுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டால், அந்தப் பெருந்தன்மை யாருக்கும் உதவவில்லை. கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் ‘ஷேர் பண்ணிக்கலாம்’ என்று வெட்கமில்லாமல் சொல்வதைப் பெரியவர்கள் சிலர் குறையாகப் பார்க்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யூரி நீஸி என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தி, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக ஓட்டலுக்கு அனுப்பினார்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்க வேண்டும் என்றபோது ஆளுக்குச் சராசரியாக 37 ஷேக்கல் செலவானது. மொத்தத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றபோது 51. முழுக்க இலவசம் என்றபோது 82. பக்கத்திலிருப்பவரும் தன் தட்டுக்குப் பணம் தருகிறார் என்று தெரிந்ததும் கை தானாக மெனு கார்டின் விலை அதிகமான பக்கத்துக்குப் போகிறது. சம பங்கில் அடிபடுவது எப்போதும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவர்தான்.

ஃபேர்லேண்ட்ஸ் மேசை ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். நாலு பேர். இருவர் ஆளுக்கு 160 ரூபாய்க்குச் சாப்பிட்டார்கள், ஒருவர் 220க்கு, ஒருவர் 300க்கு. கூட்டினால் 840, வரி 42, ஆக 882 ரூபாய். சமமாக வகுத்தால் ஆளுக்கு 220 ரூபாய் 50 காசு, 160க்குச் சாப்பிட்டவர் ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். அவரவர் தொகையோடு அவரவர் வரியைச் சேர்த்தால் 168, 168, 231, 315. கூட்டிப் பார்த்தால் அதே 882. நடுவில் வைத்து எல்லோரும் கை நனைத்த பண்டம் ஏதாவது இருந்தால் அதன் விலையை மட்டும் முதலில் நாலாகப் பிரித்து அவரவர் கணக்கில் ஏற்றிவிட்டு, பிறகு இதைச் செய்ய வேண்டும். கறிக்கூறு போட்ட பாட்டன்மார் செய்ததும் இதுவே, பொதுவானதைப் பொதுவாகவும் தனியானதைத் தனியாகவும் பிரிப்பது.

இந்த 882இல் இன்னும் ஒருவர் வரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நிற்பவர்.

சர்வர் வேலையைத் தமிழர்கள் அதிகம் அறிந்தது 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் வழியாக இருக்கலாம். கையில் அடுக்கிய டபராக்களின் கோபுரம் மறக்க முடியாத காட்சி. அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை கடினம். சாப்பாடும் படுக்க இடமும் முதலாளி பொறுப்பு, அதன் மேல் ஒரு சின்னச் சம்பளம் என்பதுதான் ஓட்டல் தொழிலின் பழைய ஏற்பாடு. காலை டிபன் கூட்டம், மத்தியானச் சாப்பாடு, ராத்திரி டிபன் என்று நாள் துண்டு துண்டாக நீளும். 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் விதி வகுத்த 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டமும் வந்தபின் நிலைமை கொஞ்சம் திருந்தியது. சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை டிப்ஸ்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தபால்காரருக்கும் தெருக்கூட்டுபவருக்கும் இனாம் கொடுத்துப் பழகிய ஊருக்கு, சோம்புத் தட்டில் சில்லறையை விட்டுவிட்டு வருவது புதிதாகவும் படவில்லை.

நம் ஊர் டிப்ஸுக்குச் சதவீதக் கணக்கு கிடையாது. பில் இருநூறோ ஐந்நூறோ, மிச்சச் சில்லறை, அல்லது ஒரு பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள். மெஸ்ஸில் இன்னும் குறைவு, தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டால் கிடையவே கிடையாது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட்டிலேயே நிற்கிறது. மிச்சத்தை வாடிக்கையாளர்தான் கொடுத்தாக வேண்டும். ஆகவே அங்கே பதினைந்து, இருபது சதவீதம் என்பது கட்டாயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்து, நாலே ஆண்டில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவான பாதையில் வந்திருக்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். 1976இல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் மனமுவந்து தருவது, அதை முதலாளி கொடுக்கும் கூலியோடு சேர்த்து எண்ணக்கூடாது என்றது. கார்டில் சேர்த்துக் கொடுக்கப்படும் டிப்ஸை ஓட்டல் நிர்வாகம் வாங்கி ஊழியர்களிடம் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது என்று 2016இல் ஐடிசி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: டிப்ஸ் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் முதலாளிக்கு இடமில்லை.

அந்த இடத்துக்குள் நுழையப் பார்த்ததுதான் சர்வீஸ் சார்ஜ். பெரிய நகர ஓட்டல்கள் சில, பில்லிலேயே ஐந்து, பத்து சதவீதம் என்று அச்சடித்து, அதன் மேல் ஜிஎஸ்டியும் போட்டன. அரசாங்க வரி என்று நினைத்துக் கொடுத்தவர்கள் ஏராளம். 2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28ஆம் தேதி அந்த மனுக்கள் தள்ளுபடியாகி, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே பில்லில் அப்படி ஒரு வரி வந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். சர்வரிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை, அவர் அச்சடித்ததல்ல அது.

இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் படம் பிடித்தால் 882 ரூபாய் காசு சுத்தமாக முதலாளியின் கணக்குக்குப் போய்விடுகிறது. 2016இல் யுபிஐ வந்ததிலிருந்து மிச்சச் சில்லறை என்ற ஒன்றே மறைந்துகொண்டிருக்கிறது, அதோடு சோம்புத் தட்டில் விழுந்த பத்து ரூபாயும். நாலு பேரும் தங்களுக்குள் காசைப் பிரித்துக்கொள்ள ஆப் உதவுகிறது. சர்வரின் பங்கை அந்த ஆப் கேட்பதில்லை. வரி சேர்க்காத 840இல் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் 42 ரூபாய், ஆளுக்குப் பத்து ரூபாய் சில்லறை. வரியின் மேல் டிப்ஸ் கணக்கிட வேண்டியதில்லை.

அந்த 42 ரூபாய்க்கும் உள்ளே ஒரு பங்கீடு இருக்கிறது. சில ஓட்டல்களில் சர்வர் வாங்கியது அவருக்கே. சிலவற்றில் எல்லா டிப்ஸும் ஒரு டப்பாவுக்குப் போய், கடை சாத்தியபின் சர்வர், மேசை துடைக்கும் பையன், தண்ணீர் வைப்பவர் என்று பிரியும். சமையற்கட்டில் கல்லுக்கு முன்னால் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும் மாஸ்டருக்கும், பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டா இல்லையா என்பது கடைக்குக் கடை மாறும். இதற்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, முதலாளியின் மனசும் ஊழியர்களின் ஒற்றுமையும்தான் முடிவு செய்கின்றன. கார்டிலோ க்யூஆரிலோ டிப்ஸ் சேர்த்துக் கொடுக்க நினைப்பவர்கள், அது யார் யாருக்குப் போகும் என்று கல்லாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். நேரான பதில் வராத கடையில் பத்து ரூபாய்த் தாளாகவே கையில் கொடுப்பது மேல், மேசை துடைக்கும் பையனுக்கும் சேர்த்து.